கூலிமை பாடிய தீவுக் கவிஞர்

கொடைக்கானலுக்குச் செல்வோர் இன்று வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறி, வளைவுகளை எண்ணிக்கொண்டே மலையுச்சியை அடைந்துவிடுகின்றனர். 1914ஆம் ஆண்டையொட்டி அந்த வண்டிச்சாலை திறக்கப்படும்வரை வழி வேறாக இருந்தது. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தொடங்கி, செங்குத்தாக ஏறி, செண்பகனூரைக் கடந்து கொடைக்கானலை எட்டும் பாதை அது. பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும். புதரும் பாறையும் மூடிக் கிடக்கும் அந்தப் பாதையில் இன்று நடப்போர் மிகச் சிலரே. ஆனால் அதற்கு வெள்ளையர் வைத்த பெயர் மட்டும் பழைய ஏடுகளில் அழியாமல் நிற்கிறது: ‘கூலி காட்’. ‘காட்’ என்றால் மலைவழி. கூலி என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

1845இல் அமெரிக்கப் பாதிரிமார் இந்த மலைமேல் முதல் இரு வீடுகளைக் கட்டினர். 1863இல் லெவிஞ்ச் துரை நீரைத் தேக்கி ஏரியை அமைத்தார். 1872இல் கோக்கர் என்ற அலுவலர் வகுத்த நடைபாதை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஏரிக்கு வரலாறு உண்டு. நடைபாதைக்கு வரலாறு உண்டு. வீடுகளுக்கும் வரலாறு உண்டு. அந்த வீடுகளின் சன்னல் கண்ணாடியும், கட்டிலும், இரும்படுப்பும், அவற்றை ஆண்டு அனுபவித்த துரையும் துரைசானியும் குழந்தைகளும் மேலே வந்து சேர்ந்தது எவ்வாறு? தோளின்மேல் வந்தனர்! நாற்காலியில் கழி கட்டி, கழியைத் தோளில் ஏற்றி, மூச்சிரைக்க, முழங்கால் நடுங்க, மனிதரை மனிதர் சுமந்து ஏற்றினர். சுமக்கப்பட்டவர்களின் நாட்குறிப்புகளில் மலையின் எழிலும், பனியின் குளிரும், பூக்களின் பெயரும் விரிவாக உள்ளன. சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

சுமந்தவர்களுள் ஒருவர் என் பாட்டனாரின் தந்தையார். எங்கள் குடும்பத்தில் இதை யாரும் எளிதில் சொல்லிவிடவில்லை. பாட்டி ஒருத்திதான், இறுதிக் காலத்தில், அவருடைய வலத் தோளில் குழந்தையின் கைம்முட்டி அளவுக்குக் காய்த்துப் போயிருந்த தசையைப் பற்றி எனக்குச் சொன்னார். என் தந்தையார் அச்சொல்லையே வீட்டில் நுழையவிட்டவரல்லர். அதற்குக் காரணம் உண்டு. அவர் பள்ளியில் சேர்ந்த நாளில், தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதிய எழுத்தர், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தாராம். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தனராம். அந்தச் சிரிப்பை அவர் எழுபது ஆண்டுகள் சுமந்தார். பின்னாளில் ஆசிரியரானார், இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார். களையெடுக்க வந்த பெண்களுக்கு மாலையில் பணம் கொடுக்கும்போது, “சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா” என்பார். மறந்தும் கூலி என்று சொல்லமாட்டார்.

சம்பளம்! சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்து வந்த சொல் அது என்பார் உண்டு. கூலமாகிய தானியத்தை உழைப்புக்கு ஈடாக அளந்ததால் வந்தது கூலி என்பாரும் உண்டு. அப்படியானால் இரண்டும் ஒரே களத்துமேட்டில் பிறந்த உடன்பிறப்புகள். ஆயினும் ஒன்று நாற்காலியில் அமர்ந்துவிட்டது. மற்றொன்று வாசற்படியில் நிற்கிறது. கூலிப்படை, கூலிக்கு மாரடிப்பது என்று எத்தனை ஏச்சுகளை அந்த ஒரு சொல்லின் தலையில் ஏற்றிவிட்டோம்! நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். ‘கூலித் தொழிலாளி பலி’ என்று தலைப்பிடுவார்கள். வங்கி அலுவலர் இறந்தால் பெயர் தலைப்புக்கு வரும். இவர் இறந்தால் பெயர் மூன்றாம் வரிக்குப் போய்விடும்.

வள்ளுவர் இச்சொல்லை எங்கே வைத்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், தெய்வம் கைவிட்ட செயலையும் உடல் வருந்திய உழைப்பு கைவிடாது, தனக்குரிய பயனைக் கொடுத்தே தீரும் என்று சொல்ல வந்த இடத்தில், அந்தப் பயனுக்கு அவர் தேர்ந்த சொல் கூலி. பரிசு என்று சொல்லியிருக்கலாம். பேறு என்று சொல்லியிருக்கலாம். தெய்வத்தோடு ஒப்பிட்டு உழைப்பை உயர்த்தும் இடத்தில் கூலி என்றார். அன்று அச்சொல்லுக்கு இழுக்கு இருந்திருப்பின் அவ்விடத்தில் வைத்திருப்பாரா?

இந்த மலையில் கூலி காட் இருப்பதுபோல் இந்தியப் பெருங்கடலில் மற்றொரு கூலி காட் இருந்தது. மொரிசியசுத் தீவின் தலைநகராகிய போர்ட் லூயி துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கிய இந்தியத் தொழிலாளர் கால்வைத்த கற்படிகளும், அவர்களை அடைத்துவைத்து எண்ணிப் பதிந்த கட்டடங்களும் சேர்ந்த இடத்துக்கு அதே பெயர்தான் வழங்கியது. இங்கே ‘காட்’ மலைவழி. அங்கே ‘காட்’ இறங்குதுறை. முன்னொட்டு மட்டும் மாறவில்லை. அந்தத் தீவில் பிறந்த பிரெஞ்சுமொழிக் கவிஞர் ஒருவர் இந்த முன்னொட்டைக் கையில் எடுத்து என்ன செய்தார் என்று சொல்லவே இக்கட்டுரை.

அவர் பெயர் கால் தொராபுல்லி. 1956இல் போர்ட் லூயியில் பிறந்தவர். தந்தையார் திரினிதாத் நாட்டு மாலுமி. இந்தியாவிலிருந்து அங்கே சென்றவர்களின் வழிவந்தவர். தாயாரின் முன்னோர் இந்தியாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்தவர்கள். இருபது வயதில், 1976இல், பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குப் படிக்கச் சென்றார். இலக்கியம் பயின்று, கவிதை பற்றிய ஆராய்ச்சியில் பட்டம் பெற்றார். பின்னர்த் திரைப்படங்களும் எடுத்தார். அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. நம் மொழியில் பழைமை வாய்ந்த ஒரு சொல்லை நாம் குப்பையில் எறிந்தபோது அதை எடுத்துக் கழுவித் தலையில் வைத்துக்கொண்டவர் என்பதே எனக்குப் போதும்.

இந்தியாவை ஆண்ட அதே ஆங்கிலேயர் ஆண்ட தீவில் பிரெஞ்சுக் கவிஞர் எப்படி என்று கேட்கத் தோன்றும். மொரிசியசு 1810 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னும் கரும்புத் தோட்டங்களும் மொழியும் பிரெஞ்சு முதலாளிகளிடமே தங்கின. தமிழருக்கும் அத்தீவுக்கும் உள்ள உறவு அதனினும் முந்தியது. 18ஆம் நூற்றாண்டில் லபூர்தொனே ஆளுநராக இருந்தபோதே புதுவையிலிருந்து கொல்லரும் தச்சரும் கொத்தரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். துறைமுக நகரை எழுப்பிய கைகளில் தமிழ்க் கைகள் பல.

பெருங்கூட்டமாக ஆள் போனது பிறகுதான். 1835இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு ஒழியவில்லை! வெட்ட ஆள் வேண்டும். 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லசு’ என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்திறங்கினர். அதன்பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அந்தப் படிகளில் ஏறினர். கல்கத்தாவிலிருந்து சென்றோரே மிகுதி. சென்னைத் துறையிலிருந்து சென்ற நம்மவரும் பல்லாயிரவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டுநாள் கூலி பிடித்துக்கொள்வார்கள். 1867 முதல் புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றி வெளியே அகப்பட்டால் நாடோடி என்று சிறை. 1871இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய தொழிலாளர் தம் குறைகளை எழுதி முறையிட்டனர். அவர்களுக்குத் துணைநின்றவர் அதோல்பு தெ பிளெவிட்சு என்னும் ஐரோப்பியர். அதன் விளைவாக அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தச் சீட்டுப் படங்கள் பல இன்றும் மொரிசியசில் மோக்கா என்னும் ஊரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண் ஒன்று, முகம் ஒன்று, திருத்தி எழுதப்பட்ட பெயர் ஒன்று. சின்னத்தம்பி என்று கப்பலேறியவரின் வழித்தோன்றல்கள் சினத்தாம்பு ஆகிவிட்டார்கள்!

இவற்றை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கவிஞர் செய்தது வேறு. 1992இல் தொராபுல்லி வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், விண்மீன்கள் அடைந்த கப்பலின் அடிவயிறு என்று வரும். தலைப்பின் இரண்டாம் பாதி அவரே படைத்த சொல்: ‘கூலித்யூத்’. மொரிசியசு குடியரசானதும் அதே 1992இல்தான்.

புதுவையில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கோடைதோறும் செண்பகனூரில் வந்து தங்குவார். அவர்தான் இந்நூலை எனக்கு வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னவர். பிரெஞ்சு மொழி இம்மலைக்குப் புதிதன்று. 1895 முதல் செண்பகனூரில் இயங்கிய ஏசு சபையாரின் கல்லூரியில் பிரெஞ்சுக் குருமார் பலர் வாழ்ந்தனர். அவர்களுள் ஆங்கிலாத் என்பவர் இம்மலையின் செடிகொடிகளை வண்ண ஓவியமாக வரைந்தார்; இங்குள்ள கல்திட்டைகளை ஆராய்ந்து 1928இல் நூலும் எழுதினார். முன்னை மாந்தரின் புதைகற்களை ஆராய்ந்தவருக்கு, தம் பெட்டியைச் சுமந்து வந்தவரின் பெயர் தெரிந்திருக்குமா என்று நண்பரிடம் கேட்டேன். சிரித்தார்; பதில் சொல்லவில்லை.

‘கூலித்யூத்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டுநாள் வழக்காடினோம். ‘கூலித்துவம்’ என்றார் அவர். நல்ல தமிழ்ச்சொல்லுக்கு வடமொழி வால் எதற்கு? தாய்மை, தோழமை போலக் ‘கூலிமை’ என்றேன் நான். சொன்ன பிறகுதான் இன்னொன்று தோன்றியது. அடிமை என்பதற்கும் அந்த ஈறுதான். உரிமை என்பதற்கும் அதே ஈறுதான். இரண்டுக்கும் நடுவே தொங்கும் சொல்லாகக் கூலிமை நன்றாகவே பொருந்துகிறது. அடிமைத்தளை அறுந்தது, உரிமை வரவில்லை, இடையில் நின்றவன் ஒப்பந்தக் கூலி.

இச்சொல்லாக்கத்திற்கு ஒரு மூத்த வழிகாட்டி உண்டு. மார்த்தினிக்குத் தீவில் 1913இல் பிறந்த எமே செசேர், 1930களில் பாரிசில் படித்துக்கொண்டிருந்தபோது, செனகல் நாட்டுச் செங்கோர், கயானாவின் தமாசு ஆகியோரோடு சேர்ந்து, கறுப்பரை இழித்துரைக்க வெள்ளையர் வீசிய சொல்லையே எடுத்து ‘நெக்ரித்யூத்’ என்றாக்கினார். எறிந்த கல்லை எடுத்து மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது போன்ற வேலை அது! 1939இல் வெளிவந்த அவருடைய நெடுங்கவிதை, உலகில் ஒடுக்கப்பட்டோரை அடுக்கிச் செல்லுமிடத்தில் கல்கத்தாவின் இந்து மனிதனையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அவர் பிறந்த பாசு-புவாந்து வட்டாரத்தில் கரும்பு வெட்டியவர்களுள் நம் தென்னாட்டுத் தமிழர் நிறைய இருந்தனர். 1853 முதல் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் மக்கள் அவர்கள். பக்கத்துக் குடிசையிலிருந்த தமிழன் கவிதைக்குள் கல்கத்தாக்காரனாகப் போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆனாலும் சேர்த்துக்கொண்டாரே!

தொராபுல்லி, செசேரின் வழியில் தொடங்கினாலும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. நிறம் ஒருவனை விட்டுப் பிரியாது. கூலி என்பதோ பிறப்பன்று, நிலை. ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்த கணத்தில் ஒருவன் அதற்குள் தள்ளப்படுகிறான். ஆகவே கூலிமை என்பது இந்தியரின் குருதிப் பெருமை அன்று என்று அவர் வற்புறுத்துகிறார். சீனக் கூலிக்கும் அதில் இடமுண்டு. அவனுக்கு முன்னே அதே கரும்புக்காட்டில் செத்த ஆப்பிரிக்க அடிமையின் பேரனோடு அதற்கு உறவுண்டு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். இழிசொல்லை எடுத்துப் பெருமைச் சொல்லாக்குவது கடினம். ஆக்கிய பிறகு அதைச் சுற்றி வேலி போடாமல் இருப்பது அதனினும் கடினம்.

அவருடைய கவிதைக்குக் களம் கரும்புத்தோட்டம் என்று எண்ணித்தான் நான் நூலைத் திறந்தேன். இல்லை. களம் கடல். கடலைக் கடந்தால் குலம் கெடும், சாதி அழியும் என்று அச்சுறுத்தி வைத்திருந்தார்கள் அல்லவா? கறுப்புத் தண்ணீர் என்று வடநாட்டார் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். தொராபுல்லி அந்தத் தண்ணீரையே தொட்டிலாக்குகிறார். கப்பலின் அடித்தளத்தில், காற்றில்லா இருட்டில், ஒரே பீப்பாயில் நீர் மொண்டு, ஒரே வாந்தியில் புரண்டு, வாரக்கணக்கில் கிடந்தவர்களுக்குள் புதிய உறவொன்று பிறந்தது. கரிபியன் தீவுகளில் அதைக் ‘கப்பல் உடன்பிறப்பு’ என்னும் பொருளில் வழங்கினர். கரையில் ஓராயிரம் ஆண்டு அறிவுரைகள் செய்யாததை அலை சில வாரங்களில் செய்தது. முழுவதும் செய்ததா? இல்லை. கரையேறிய பின் சாதி பலவிடங்களில் மெல்லத் தலைதூக்கியது. திருமணப் பேச்சில் அது இன்னும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். கவிஞர் அதைக் குறைவாகவே பேசுகிறார் என்பது என் குறை. ஒருவேளை மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு அது கண்ணில் படும் அளவுக்கு, தீவில் பிறந்தவருக்குப் படவில்லையோ என்னவோ.

1999இல் வந்த மற்றொரு நூலுக்குப் பவளத்தசை என்று பொருள்படும் தலைப்பிட்டார். பவளம் என்றவுடன் நமக்கு மோதிரமும் மாலையும் நினைவுக்கு வரும். தீவில் பிறந்தவருக்குப் பவளம் நகையன்று. கண்ணெதிரே வாழும் பொருள். மொரிசியசைச் சுற்றிப் பவளப்பாறை வேலிபோல் நிற்கிறது. கோடானுகோடி நுண்ணுயிர்கள் தம் உடலிலிருந்து கசிந்த சுண்ணத்தால் கட்டிய மதில் அது. உள்ளே மென்மை; வெளியே கல். அலையை உடைக்கிறது, நீரோட்டத்தைத் தடுப்பதில்லை. கூலியின் வழிவந்தோருக்கு வேர் எங்கே என்று கேட்பவர்களுக்கு அவர் காட்டும் விடை இதுதான். மரத்துக்குத்தான் வேர் வேண்டும். பவளம் கடலில் ஊட்டம் பெறும், சேர்ந்து வளரும். தம் சாவாலேயே மேலே வருபவர்களுக்குத் தரை அமைத்துக் கொடுக்கும். பெயரற்ற உழைப்பாளிகளுக்கு இதனினும் பொருந்தும் உவமையை நான் வேறெந்த மொழியிலும் அறியேன்.

அவருடைய கவிதை எளிதன்று. சொற்களை உடைத்து ஒட்டுகிறார். கிரியோல் சொல்லைப் பிரெஞ்சுக்குள் நுழைக்கிறார். ஒலியை வைத்து விளையாடுகிறார். சில பக்கங்களில் நண்பரே கைவிரித்துவிட்டார். கரும்பு வெட்டும் ஒருவருக்கு இதைப் படித்துக் காட்டினால் அவர் எழுந்து போய்விடமாட்டாரா என்று கேட்டேன். “அவருக்கு எழுதவில்லை, அவரைச் சுரண்டிய மொழிக்கு எழுதியிருக்கிறார்” என்றார் நண்பர். நல்ல விடைதான், எனக்கு முழுதும் நிறைவில்லை. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடியபோது தெருவில் நிற்பவனும் கேட்டு அழும் தமிழில் பாடினார். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதியபோது, இலங்கைத் தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதையை எலும்பு தெரிய எழுதினார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் கரையில் நின்று அழுதார்கள், இரக்கம் அவர்களுடையது. தொராபுல்லி கப்பலுக்குள்ளிருந்து பேசுகிறார். அங்கே இரக்கம் கேட்பதில்லை.

அவர் தனிமரமும் அல்லர். குவாதலூப்புத் தீவில் 1941இல் பிறந்த எர்னெசுட்டு முத்துசாமி என்பவர், பெயரே சொல்வதுபோல் நம்மவரின் வழிவந்தவர். பிரெஞ்சில் கவிதையும் புதினமும் எழுதியவர். 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். கூலியின் பேரன் பாரிசின் மன்றத்தில் அமர்ந்தான் என்பது செய்தி. அவன் மொழி தமிழாக இல்லை என்பதும் செய்தியே. மொரிசியசின் பணத்தாளில் தமிழெழுத்து இருக்கிறது. பெரும்பாலான தமிழர் வீட்டில் பேசுவது கிரியோல். பணத்தாளில் வாழும் மொழியை வீட்டில் வாழவைக்க அங்குள்ள ஆசிரியர்கள் படும் பாடு பெரிது.

மொழி கழன்றுவிட்டது, காவடி கழலவில்லை. தைப்பூசம் மொரிசியசில் அரசு விடுமுறை நாள். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று ஒன்று உண்டு, 1936இல் கட்டியது. பனி விலகிய நேரத்தில் அதன் பின்புறம் நின்றால் கீழே பழனியூரும் குன்றும் தெரியும். வழிபட அன்று, அந்தக் காட்சியைக் காணவே நான் அவ்வப்போது போவதுண்டு. நண்பரும் நானும் அங்கு நின்றபோது, கடல் கடந்தும் போகாத பற்று என்று அவர் காவடியைப் பற்றி வியந்தார். நான் வேறொன்றை நினைத்தேன். காவடி என்பது என்ன? தோளில் வைத்து இருபுறமும் சுமை தொங்கவிடும் கழி! தண்ணீர் சுமந்தவன், உப்புச் சுமந்தவன், மலைக்குப் பண்டம் ஏற்றியவன் கையிலிருந்த கருவி. ஆண்டு முழுவதும் கூலிக்குச் சுமந்தவன், ஒருநாள் அதே கழிக்கு மயிற்பீலி கட்டி, தனக்காகத் தான் சுமக்கிறான். அன்று அவனைப் பார்த்து யாரும் கூலி என்று சொல்வதில்லை. வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அலகு குத்திக்கொள்வதை நான் ஏற்பவன் அல்லன். உடலை வருத்தினால் அருள் வரும் என்று நம்புபவனும் அல்லன். ஆனால் கரும்புத் தோட்டத்தில் ஆறு நாள் அடிபட்டவன், தெருவின் நடுவே தலைநிமிர்ந்து நடப்பதற்கு வேறு நாள் அவனுக்கு யார் கொடுத்தார்கள்? அந்த நடையில் இருந்தது பக்தி மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

போர்ட் லூயியின் கூலி காட் 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே பெயரை மாற்றிவிட்டார்கள். ‘ஆப்பிரவாசி காட்’ என்பது இன்றைய பெயர். குடியேறியவன் என்று பொருள்படும் வடநாட்டுச் சொல். மாற்றியவர்களின் நெஞ்சம் எனக்குப் புரிகிறது. என் தந்தையாரும் அதைத்தான் செய்தார். கூலியைச் சம்பளமாக மாற்றினார். புண்பட்டவர்கள் புண்ணைத் தொடவிடமாட்டார்கள். ஆனால் பெயரை மாற்றியதில் சிரித்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் அல்லவா? அச்சொல்லை இழிவாக்கியவர்கள் யார் என்ற கேள்வியே எழாமற் போய்விட்டது. தொராபுல்லி அதற்கு இடங்கொடுக்கவில்லை. சொல்லை வைத்துக்கொண்டே இழிவை மட்டும் திருப்பி அனுப்பினார். 2002இல் மரினா கார்ட்டர் என்ற வரலாற்றாசிரியருடன் சேர்ந்து அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகைநூலின் தலைப்பும் அந்தச் சொல்தான். அதன்பின் பிஜியிலும் கரிபியனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இளைஞர் பலர் தம்மைக் கூலியின் பேரன், பேத்தி என்று கூசாமல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த மலையின் கூலி காட்டுக்கு யாரும் பெயர் மாற்றவில்லை. மாற்றவேண்டிய தேவையே எழவில்லை, மறந்துவிட்டோம். கோக்கர் நடைபாதையின் வாயிலில் நுழைவுச்சீட்டு கொடுக்கிறார்கள். கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் ஒரு கல் நட்டு, இவ்வழியே மனிதர் மனிதரைச் சுமந்து ஏறினர் என்று தமிழில் நான்கு வரி பொறிக்க ஆகும் செலவு, கோடை விழாவின் ஒரு மாலைப் பூ அலங்காரச் செலவுக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

தொராபுல்லியின் கவிதைகளுள் சிலவற்றைத் தமிழாக்கும் வேலையை நண்பர் தொடங்கியிருக்கிறார். முதல் பன்னிரண்டு பக்கங்களை எனக்கு அனுப்பினார். தலைப்பில் ‘புலம்பெயர் உழைப்பாளர்’ என்று இருந்தது. கூலி என்று போட்டால் புதுவையில் அவருடைய உறவினர்களே முகம் சுளிப்பார்களாம்; பதிப்பகத்தாரும் தயங்குகிறார்களாம். அடித்துவிட்டு மேலே ‘கூலிமை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே, பாட்டி சொன்ன அந்தத் தோளின் காய்ப்பைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். முன்னுரையில் சேர்ப்பதானால் என் பாட்டனாரின் தந்தையார் பெயரை முழுமையாகப் போடவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நண்பரின் மறுமொழி இன்னும் வரவில்லை.